படம் வரைபவரின் படிநிலைகள்: அறிவியல், தொழில்நுட்ப ஓவியர் வேலைக்கு ஓர் அறிமுகம்

மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்த தாளில் இன்சுலின் ஊசியை எப்படிப் பிடிப்பது என்று ஒரு படம் இருக்கும். விமானத்தில் முன்சீட்டுப் பையில் செருகிய அட்டையில் லைஃப் ஜாக்கெட் கட்டும் விதம் படமாக இருக்கும். பள்ளி உயிரியல் புத்தகத்தில் சிறுநீரகத்தை நீளவாக்கில் வெட்டிக் காட்டியிருப்பார்கள். இவற்றில் வரைந்தவர் பெயர் பெரும்பாலும் இருக்காது. ஆனாலும் ஒவ்வொன்றையும் ஒருவர் வேலையாக உட்கார்ந்து வரைந்திருக்கிறார். இன்னொருவர் சிவப்புப் பேனாவோடு சரிபார்த்திருக்கிறார். அதற்கும் முன்னால், படத்தில் எது வர வேண்டும், எது வரக் கூடாது என்று ஒருவர் முடிவு செய்திருக்கிறார்.

இந்தத் தொழிலுக்கு வர நினைக்கும் பிள்ளைகள் அதிகம் கேட்பது, "டிரெய்னி, இல்லஸ்ட்ரேட்டர், சீனியர், லீட் என்றெல்லாம் விளம்பரத்தில் போடுகிறார்களே, இவர்களுக்குள் என்ன வித்தியாசம்?" என்பதுதான். நன்றாக வரைபவர் சீனியர், சுமாராக வரைபவர் ஜூனியர் என்று வெளியிலிருந்து பார்த்தால் தோன்றும். கைத்திறன் எல்லாப் படியிலும் வேண்டும். ஆனால் படியைப் பிரிப்பது அது இல்லை. கைக்கு வரும் வேலையில் எவ்வளவு ஏற்கெனவே முடிவாகி வருகிறது, எவ்வளவை வரைபவரே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது என்பதை வைத்துத்தான் படி. இதை ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போனால் மனதில் நிற்காது. அதனால் முதலில் வேலையைக் கிட்டப் போய்ப் பார்த்துவிடலாம்.

இருவரும் வரைவது என்ன?

அறிவியல் ஓவியர் இயற்கையில் இருப்பதை வரைகிறார். செடி, பூச்சி, எலும்பு, புதைபடிவம், செல், பாறை அடுக்கு எல்லாம் அவர் கணக்கில் வரும். தொழில்நுட்ப ஓவியர் மனிதர் செய்த பொருளை வரைகிறார். பம்ப், கியர்பாக்ஸ், விமானத்தின் லேண்டிங் கியர், எம்.ஆர்.ஐ. இயந்திரம் போன்றவை. இருவரும் கையில் எடுக்கும் கருவிகள் கிட்டத்தட்ட ஒன்றுதான். சந்திக்கும் சிக்கல்தான் வேறு.

இயந்திர பாகம் ஒவ்வொன்றுக்கும் எழுதிவைத்த அளவு உண்டு. படம் சரியா தவறா என்ற சந்தேகம் வந்தால் கேட் (CAD) மாடலை, அதாவது கணினியில் வடிவமைத்த மாதிரியைத் திறந்து பார்த்துச் சொல்லிவிடலாம். ஆவாரஞ்செடியின் இலைக்கு அப்படி ஓர் அளவு எங்கும் எழுதி வைக்கப்படவில்லை. ஒரே செடியில் சின்ன இலை இருக்கும், பெரிய இலை இருக்கும், பூச்சி அரித்தது இருக்கும், வெயிலில் சுருண்டது இருக்கும். பலவற்றைப் பார்த்து, அந்த இனத்தின் இலை பொதுவாக எப்படி இருக்கும் என்று தேர்ந்து ஓவியர் வரைய வேண்டும். கண்ணில் பட்ட ஓர் இலையை அச்சு அசலாக வரைந்தால் அந்த ஓர் இலையின் படம்தான் கிடைக்கும். கேமரா இருக்கும்போது ஓவியர் எதற்கு என்று கேட்பவர்களுக்கும் இதுவே பதில். கேமரா தன் முன்னால் இருக்கும் ஓர் உயிரியைத்தான் எடுக்கும், அதன் மேல் விழுந்த நிழலையும் ஒட்டிய தூசியையும் சேர்த்து.

டிராஃப்ட்ஸ்மேனும் தொழில்நுட்ப ஓவியரும் ஒன்றுதானே என்று பலர் நினைக்கிறார்கள். டிராஃப்ட்ஸ்மேன் வரைந்ததை வைத்து லேத்தில் ஒருவர் அந்தப் பாகத்தைக் கடைந்தெடுப்பார். அதனால் அதில் அளவும் டாலரன்ஸும் (அளவு எவ்வளவு கூடவோ குறையவோ இருக்கலாம் என்ற வரம்பு) இருந்தே ஆக வேண்டும். தொழில்நுட்ப ஓவியர் வரைவதோ செய்து முடித்த பொருளைக் கழற்றப் போகிறவருக்கு, மாட்டப் போகிறவருக்கு, உதிரிபாகம் வாங்கப் போகிறவருக்கு. அவருக்கு அளவு வேண்டாம்; எதைக் கழற்றினால் எது வெளியே வரும் என்பது தெரிந்தால் போதும். ஐ.டி.ஐ.யில் இரண்டு வருடம் டிராஃப்ட்ஸ்மேன் படித்தவர்கள் இந்தப் பக்கம் வந்து நன்றாக வேலை செய்வதைப் பார்க்கலாம். ஆனால் அளவு போடாமல் ஒரு படத்தை விடுவதற்கு அவர்களுக்குக் கொஞ்ச நாள் பிடிக்கும்.

ஒரு பூ

புதிதாகக் கண்டுபிடித்த ஒரு தாவர இனத்தைப் பற்றிய கட்டுரைக்குப் படம் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஓவியர் மேசைக்குப் பெரும்பாலும் வருவது உயிருள்ள செடி இல்லை. ஹெர்பேரியத்திலிருந்து (உலர்தாவரக் காப்பகம்) வரும் மாதிரி, அதாவது அழுத்திக் காயவைத்துத் தாளில் ஒட்டிய கிளை. பூ பழுப்பேறி, அப்பளம் போலத் தொட்டால் நொறுங்கும். தாவரவியலாளரின் அனுமதியோடு அதில் ஒரே ஒரு பூவைக் கழற்றி, வெந்நீரில் கொஞ்ச நேரம் போட்டுவைக்க வேண்டும். இளகியதும் டிஸெக்டிங் மைக்ராஸ்கோப்புக்குக் கீழே வைத்து ஊசியால் மெல்லப் பிரிக்க வேண்டும். புல்லிவட்டம், அல்லிவட்டம், மகரந்தத் தாள்கள், சூலகம் என்று ஒவ்வொன்றாக வரும். சூலகத்தைக் குறுக்கே வெட்டினால் உள்ளே எத்தனை அறை இருக்கிறது, சூல்கள் எந்தச் சுவரில் ஒட்டியிருக்கின்றன என்று தெரியும். இனத்தை அடையாளம் காணப் போகிறவர் தேடுவது இந்த மாதிரி விவரங்களைத்தான். மைக்ராஸ்கோப்பில் கேமரா லூசிடா மாட்டியிருந்தால் பூவின் உருவம் தாளின் மேல் விழுந்ததுபோலத் தெரியும். பென்சிலால் அப்படியே வெளிக்கோட்டை எடுத்துக்கொள்ளலாம்.

அப்புறம் பிளேட்டை, அதாவது எல்லாப் படங்களும் சேர்ந்த முழுப்பக்கத்தை, அமைக்க வேண்டும். முழுக் கிளை ஒன்று, பூ ஒன்று, விரித்த பூ, மகரந்தத் தாள் முன்னும் பின்னும், சூலகத்தின் குறுக்குவெட்டு, கனி, விதை. ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்து, பக்கத்தில் அளவுக்கோடு. "5 மடங்கு பெரிதாக்கியது" என்று எழுதுவது இப்போது வழக்கம் இல்லை. ஆய்விதழ் அந்தப் படத்தைப் பாதியாகச் சுருக்கி அச்சிட்டால் "5 மடங்கு" பொய்யாகிவிடும். சின்னதாக ஒரு கோடு போட்டு "2 மி.மீ." என்று எழுதிவிட்டால், படம் சுருங்கும்போது கோடும் சேர்ந்து சுருங்கும், கணக்கு தப்பாது.

வெளிச்சம் இடது மேல் மூலையிலிருந்து விழுவதாக வைத்துக்கொள்வது மரபு. கறுப்பு மையில் வரையும்போது நிழலைப் புள்ளிகளால் போடுவார்கள். அச்சில் வரப்போவதைவிட ஒன்றரை மடங்கோ இரண்டு மடங்கோ பெரிதாக வரைவார்கள். சுருங்கும்போது கையின் நடுக்கம் மறைந்துபோகும். அதற்காக 0.1 பேனாவில் நுணுக்கி நுணுக்கிப் புள்ளி வைத்தால், சுருங்கும்போது அவை காணாமல் போகும், இல்லாவிட்டால் ஒன்றோடொன்று ஒட்டிக் கறுப்புத் திட்டாகிவிடும். எவ்வளவு சுருங்கும் என்று தெரிந்துகொண்டு அதற்கேற்ற பேனாவை எடுப்பது இந்த வேலையின் பாலபாடம்.

இன்னொரு விதி இருக்கிறது, இதை நான் ரொம்ப மதிக்கிறேன். பூ ஒரு மாதிரியிலிருந்தும் கனி வேறொரு மாதிரியிலிருந்தும் எடுத்து வரைந்திருந்தால், இரண்டின் சேகரிப்பு எண்ணையும் படக்குறிப்பில் எழுதியாக வேண்டும். அந்த இரண்டு மாதிரிகளும் ஒரே இனம் இல்லை என்று பின்னால் யாராவது கண்டுபிடிக்கலாம். அப்போது படத்தில் எந்தப் பகுதி எந்தச் செடிக்குச் சொந்தம் என்று பிரித்துப் பார்க்க வழி இருக்க வேண்டும்.

இவ்வளவு கறார் தேவையா என்றால், தேவை. மலபாரில் டச்சுக்காரர்களின் ஆளுநராக இருந்த வான் ரீடு தொகுத்த ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ் 1678இல் ஆம்ஸ்டர்டாமில் வெளிவரத் தொடங்கியது. மொத்தம் 12 தொகுதிகள், 700க்கும் மேற்பட்ட படங்கள். பின்னால், உயிரினங்களுக்கு இரட்டைப் பெயர் வைக்கும் முறையை நிலைநிறுத்திய ஸ்வீடன் நாட்டு இயற்கையியலாளர் லின்னேயஸ் இந்தப் பகுதியின் பல செடிகளுக்குப் பெயர் வைத்தபோது அந்தப் படங்களையே ஆதாரமாகக் கொண்டார். அவர் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. அப்படிப் பெயர் பெற்ற இனங்கள் சிலவற்றுக்கு, அந்தப் பெயர் எந்தச் செடியைக் குறிக்கிறது என்று தீர்மானிக்கும் 'டைப்' ஆக இன்றுவரை அந்தப் படங்களே இருக்கின்றன. வரைந்தவர் ஓர் இலைக் காம்பை மாற்றிப் போட்டிருந்தால் அந்தக் குழப்பம் 300 ஆண்டு தாண்டியும் நம்மோடு வந்திருக்கும்.

நம் ஊர்ப் பக்கமும் இந்தக் கலைக்கு நீண்ட வரலாறு உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனியில் அறுவை மருத்துவராக மதராஸ் மாகாணத்துக்கு வந்த ராபர்ட் வைட், தாவரங்களில் மூழ்கிப் போனவர். 1838 முதல் 1853 வரை அவர் ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியத் தாவரப் படங்கள் 2,000க்கும் அதிகம். அவருக்காக வரைந்த முக்கியமான இருவர் ரங்கையாவும் கோவிந்துவும். கோவிந்துவின் பெயரை ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கே வைட் சூட்டினார், கோவிந்தூயியா என்று. இன்றைய வகைப்பாட்டில் அது வேறொரு பேரினத்தோடு சேர்ந்துவிட்டது. இருந்தாலும், ஓவியர்களின் பெயரே எங்கும் பதிவாகாத அந்தக் காலத்தில் அது பெரிய மரியாதை.

ஒரு பம்ப்

இப்போது கோவைப் பக்கம் செய்யும் சாதாரண மோனோபிளாக் பம்ப் ஒன்றை எடுத்துக்கொள்வோம். சர்வீஸ் கையேட்டுக்கு அதன் எக்ஸ்ப்ளோடட் வியூ, அதாவது பாகங்களைப் பிரித்து விலக்கிக் காட்டும் படம் வேண்டும். கேஸிங், கேஸ்கெட், இம்பெல்லர் நட், இம்பெல்லர் (தண்ணீரைத் தள்ளும் சக்கரம்), சாவி (அது ஷாஃப்ட்டில் நழுவாமல் பிடிக்கும் சிறு உலோகத் துண்டு), மெக்கானிக்கல் சீல் எல்லாம் ஷாஃப்ட்டின் அச்சுக்கோட்டிலேயே ஒன்றன்பின் ஒன்றாக விலகி நிற்க வேண்டும். கழற்றும் வரிசை என்னவோ அதுவே படத்தின் வரிசை.

இந்த மாதிரிப் படங்கள் பெரும்பாலும் ஐசோமெட்ரிக் முறையில் இருக்கும். அதில் இரண்டு அச்சுகள் 30 டிகிரி சாய்வில் போகும், மூன்றாவது நேர்குத்தாக நிற்கும். வட்டம் எல்லாம் நீள்வட்டமாகும். அந்த நீள்வட்டத்தின் குட்டை அச்சு ஷாஃப்ட் போகும் திசையிலேயே இருக்க வேண்டும். கொஞ்சம் பிசகினாலும் இம்பெல்லர் ஷாஃப்ட்டில் கோணலாக உட்கார்ந்ததுபோலத் தெரியும். கையால் வரைந்த காலத்தில் இதற்காகவே 35 டிகிரி நீள்வட்ட டெம்ப்ளேட் ஒன்றை மேசையில் வைத்திருப்பார்கள். இப்போது கேட் மாடலிலிருந்து எடுப்பதால் கணினி நீள்வட்டத்தைச் சரியாகப் போட்டுவிடுகிறது.

ஆனால் கணினி எல்லாக் கோட்டையும் போட்டுவிடும். போல்ட் மரையின் ஒவ்வொரு சுற்றும் வரும், வார்ப்பின் ஒவ்வொரு வளைவுக்கும் இரண்டு கோடு வரும். பார்த்தால் படம் அடைந்துபோய்க் கறுப்பாக இருக்கும். அங்கேதான் ஓவியரின் வேலை ஆரம்பிக்கிறது. தேவையில்லாத கோடுகளை எடுக்க வேண்டும். பொருளின் வெளி விளிம்புக்குத் தடித்த கோடு, உள் விளிம்புக்கு மெல்லிய கோடு. ஒரு கோடு இன்னொரு பாகத்துக்குப் பின்னால் போகும் இடத்தில் சிறு இடைவெளி விட்டால் எது முன்னால், எது பின்னால் என்று கண்ணுக்குத் தெளிவாகும். பம்ப்பை நீளவாக்கில் வெட்டிக் காட்டும் படமாக இருந்தால் இன்னொரு மரபு உண்டு. கேஸிங்கை வெட்டிக் கோடு நிரப்பிக் காட்டுவார்கள். ஷாஃப்ட்டையும் போல்ட்டையும் நட்டையும் சாவியையும் வெட்ட மாட்டார்கள். அவை உள்ளே கெட்டியானவை, வெட்டினால் பார்க்க ஒன்றும் இல்லை. முழுதாக விட்டால் எது ஷாஃப்ட் என்று ஒரு பார்வையில் தெரிந்துவிடும்.

இதே வேலையை ஒரு கியர்பாக்ஸுக்குச் செய்தால் ஆயில் சீல் வரும். அதன் உதடு எண்ணெய் இருக்கும் பக்கம் பார்த்திருக்க வேண்டும். படத்தில் ஆயில் சீல் அரை சென்டிமீட்டர்கூட இல்லாத சின்ன வளையம். அதைத் திருப்பி வரைந்தால் படம் அழகாகத்தான் இருக்கும், சட்டென்று யார் கண்ணிலும் படாது. மெக்கானிக் படத்தைப் பார்த்துத் திருப்பி மாட்டுவார், எண்ணெய் ஒழுகும். கால்-அவுட் எண்ணும், அதாவது பாகத்தைப் பட்டியலோடு இணைக்கும் எண்ணும் அப்படித்தான். 7 என்ற எண்ணிலிருந்து பாகத்துக்குப் போகும் லீடர் கோடு கேஸ்கெட்டைத் தொடாமல் பக்கத்து வாஷரைத் தொட்டுக்கொண்டிருந்தால், எங்கோ ஓர் ஊரில் ஒருவர் தவறான பாகத்துக்குப் பணம் கட்டிவிட்டுக் காத்திருப்பார்.

இனி படிகள்

டிரெய்னியின் மேசைக்கு வருவது மார்க்-அப். ஏற்கெனவே உள்ள படத்தில் சிவப்பில் குறித்திருப்பார்கள். இந்த போல்ட்டை எடு, 7ஐ 8 ஆக்கு, லீடர் கோட்டை நகர்த்து, புது பிராக்கெட்டைச் சேர். ஸ்கேன் செய்த பழைய காகிதப் படத்தை வெக்டராக (எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காத கணினிக் கோடுகளாக) இழுப்பதும் அவர் வேலை. ஆய்வுக்கூடமாக இருந்தால் கிராஃப்களை ஆய்விதழின் விதிக்கு ஏற்ப மாற்றுவார், எழுத்தின் அளவைச் சரிசெய்வார், அடுத்தவர் பென்சிலில் வரைந்ததற்கு மை போடுவார். முடிவுகள் எல்லாம் ஏற்கெனவே எடுக்கப்பட்டு வந்திருக்கின்றன. வெளியே போகும் முன் ஒவ்வொரு படத்தையும் இன்னொருவர் பார்ப்பார். இதைச் சலிப்பான வேலை என்று சிலர் ஆறே மாதத்தில் கிளம்பிவிடுகிறார்கள். எனக்கு அதில் வருத்தம்தான். அடுத்தவர் படத்தில் எது தவறாகிறது, எப்படித் திருத்துகிறார்கள் என்று நூற்றுக்கணக்கில் பார்க்கும் வாய்ப்பு இந்தப் படியில் மட்டும்தான் கிடைக்கும்.

அடுத்த படியில், முன்னொட்டு எதுவும் இல்லாமல் இல்லஸ்ட்ரேட்டர் என்று அழைக்கப்படுபவருக்கு மூலம் மட்டும் வரும். கேட் அசெம்பிளி, பாகங்களின் பட்டியல், "இம்பெல்லர் மாற்றும் முறைக்குப் படம்" என்று ஒரு வரி. எந்தக் கோணத்திலிருந்து பார்த்தால் சீல் மறையாமல் தெரியும், ஒரு படம் போதுமா மூன்று வேண்டுமா, கையைக் காட்ட வேண்டுமா, ஸ்பேனரை எங்கே வைப்பது என்று அவர் தீர்மானிக்கிறார். விதிப்புத்தகம் அவருக்கு அத்துபடியாக இருக்க வேண்டும். விமானத்துறையில் எஸ்1000டி போன்ற தரநிலைகள் படத்தின் எண்ணிலிருந்து வெளியீட்டு முறை வரை கட்டுப்படுத்துகின்றன. அறிவியல் பக்கம் இந்தப் படியில் இருப்பவரிடம் மாதிரியையும் தாவரவியலாளரின் விவரணையையும் கொடுத்துவிட்டால், மேலே சொன்ன பிளேட்டை அவரே அமைத்துக் கொண்டுவந்துவிடுவார்.

சீனியரிடம் வருவது சிக்கல். பாகங்களின் பட்டியலில் கேஸ்கெட் இரண்டு என்று இருக்கிறது, கேட் மாடலில் ஒன்றுதான் இருக்கிறது. எது சரி? அவர் டிசைன் இன்ஜினியருக்கு போன் போட வேண்டும், முடிந்தால் ஷாப் ஃப்ளோருக்குப் போய்ப் பம்ப்பைக் கழற்றச் சொல்லிப் பார்க்க வேண்டும். தாவரவியல் பக்கம், "சார், உங்கள் விவரணையில் மகரந்தத் தாள் 8 என்று இருக்கிறது, நான் பிரித்த பூவில் 10 இருக்கிறதே, இன்னொரு பூ பிரித்துப் பார்க்கலாமா?" என்று ஆய்வாளரிடம் கேட்கத் தெரிந்தவர் அவர். எழுதும்போது நழுவிப் போவது வரையும்போது மாட்டிக்கொள்ளும்; எண்ணாமல் வரைய முடியாது அல்லவா? இப்படிக் கேட்பதற்குப் பொருளறிவு வேண்டும், கூச்சமில்லாமல் கேட்கும் துணிவும் வேண்டும். நல்ல ஆய்வாளர்கள் இதற்காகவே குறிப்பிட்ட ஓவியரைத் தேடிப் போவார்கள்.

மூலமே முழுமையாக இல்லாத வேலையும் சீனியருடையதுதான். புதைபடிவ மண்டையோட்டில் இடது பக்கம் நொறுங்கிப்போயிருக்கும். வலது பக்கத்தைப் பார்த்து இடதை நிரப்பலாம், ஆனால் நிரப்பிய இடத்தை இடைவெளி விட்டு விட்டுப் போகும் கோட்டால் காட்டி, கண்டதையும் ஊகித்ததையும் பிரித்துவைக்க வேண்டும். இதைச் செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பழைய உதாரணம் ஜெர்மானிய ஓவியர் ஆல்பிரெக்ட் டூரரின் காண்டாமிருகம். குஜராத்திலிருந்து லிஸ்பனுக்குக் கப்பலில் போன அந்த விலங்கை அவர் பார்க்கவில்லை. கடிதத்தில் வந்த விவரத்தையும் யாரோ போட்ட ஸ்கெட்சையும் வைத்து 1515இல் மரச்செதுக்குப் படம் செய்தார். தோலைக் கவசத் தகடுகள் போல வரைந்தார், முதுகில் கூடுதலாக ஒரு குட்டிக் கொம்பும் வைத்தார். டூரரின் கைக்கு இணையான கை அந்தக் காலத்தில் அபூர்வம். ஐரோப்பிய இயற்கை நூல்கள் அந்தக் கொம்போடு நீண்ட காலம் அந்தப் படத்தைப் பிரதி எடுத்தன.

லீட் அல்லது சூப்பர்வைசர் என்றால் வரைவது குறைந்துவிடும். எந்தப் படத்துக்கு எத்தனை மணி நேரம் ஆகும் என்று கணக்குக் கொடுக்க வேண்டும், யாருக்கு எதைக் கொடுப்பது என்று பிரிக்க வேண்டும், ஸ்டைல் கைடு எழுத வேண்டும், வாடிக்கையாளரிடம் பேச வேண்டும். இதற்குப் படமே வேண்டாம், புகைப்படம் போதும், அல்லது இது அனிமேஷனாக இருந்தால்தான் புரியும் என்று சொல்லும் பொறுப்பும் அவருடையது. நல்ல ஓவியர் என்பதற்காகவே ஒருவரை இந்த நாற்காலியில் உட்காரவைப்பது பல இடங்களில் நடக்கிறது, எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மேற்பார்வை பார்க்காமலேயே மேலே போக ஒரு வழி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மிகச் சிறந்த கை எக்ஸெல் தாளில் போய்ச் சிக்கிக்கொள்ளும். சரிபார்க்கும் க்யூ.சி. ஆட்கள் சில நிறுவனங்களில் தனிக் கிளையாக இருக்கிறார்கள். சீனியரின் கண் இருக்கும், சீனியரின் சம்பளம் எல்லா இடத்திலும் இருப்பதில்லை. தனியாக வேலை எடுத்துச் செய்பவர்களுக்கு இந்தப் படிகள் எல்லாமே ஒரே ஆளுக்குள் அடக்கம்.

அரசு வேலைகளிலும் தர்க்கம் இதுதான். அமெரிக்க மத்திய அரசு இந்த வேலைக்கு ஜிஎஸ்-1020 என்று தனித் தொடர் வைத்திருக்கிறது. அங்கே ஜிஎஸ் எனப்படும் ஊதிய அளவுகோலில் மொத்தம் 15 கிரேடு. வேலையின் சிக்கல், தேவைப்படும் பொருளறிவு, மேலதிகாரி எவ்வளவு நெருக்கமாக நின்று பார்க்கிறார் என்பவற்றை எடைபோட்டு ஒரு பதவிக்கு கிரேடு தருகிறார்கள். இந்தியாவில் 1890இல் தொடங்கிய இந்தியத் தாவரவியல் ஆய்வகம் ஓவியர்களைப் பணியில் வைத்து வந்த நிறுவனங்களில் ஒன்று. அதன் தென் மண்டல மையம் கோவையில்தான் இருக்கிறது.

மருத்துவ ஓவியம், சுருக்கமாக

இது அறிவியல் ஓவியத்தின் ஒரு கிளைதான், ஆனால் தனிப் படிப்பே வேண்டும் என்ற அளவுக்கு வளர்ந்துவிட்டது. ஜெர்மனியிலிருந்து போன மேக்ஸ் புரோடல், ஜான்ஸ் ஹாப்கின்ஸில் 1911இல் மருத்துவ ஓவியத்துக்கென்றே ஒரு துறையைத் தொடங்கினார். அந்த வகையில் அதுவே முதல். அதற்கு வெகு முன்னாலேயே தஞ்சாவூரில் இரண்டாம் சரபோஜி கண் நோயாளிகளின் விவரங்களைக் கண்ணின் படத்தோடு பதிவு செய்யவைத்தார், அந்தத் தாள்கள் சரஸ்வதி மகால் நூலகத்தில் இருக்கின்றன. 1858இல் வெளிவந்த கிரேயின் உடற்கூறியல் நூலுக்குப் படம் வரைந்த ஹென்றி வேன்டைக் கார்ட்டர் தாமே ஒரு மருத்துவர். பிறகு பம்பாய்க்கு வந்து கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் பாடம் எடுத்தார். அறுவை சிகிச்சையைப் படமாக்குகிறவர் அறைக்குள் நின்று பார்த்தாக வேண்டும். அங்கே ரத்தம் மறைத்த இடத்தைப் படத்தில் தெளிவாக்கிக் காட்டுவதற்கு உடற்கூறியல் மனப்பாடமாக இருக்க வேண்டும்.

கணினி வரைந்துவிடாதா?

வரையும். டிரெய்னி படியில் நடக்கும் வேலையில் ஒரு பகுதி ஏற்கெனவே மென்பொருளுக்குப் போய்விட்டது, இன்னும் போகும். ஆனால் 2024 பிப்ரவரியில் நடந்ததை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். மிட்ஜர்னி என்ற செயற்கை நுண்ணறிவுக் கருவியில் உருவாக்கிய ஓர் எலியின் படம் ஓர் ஆய்விதழில் வெளியானது. உறுப்புகளின் அளவு அபத்தம், பெயர்களாக எழுதியிருந்தவை எந்த மொழியிலும் இல்லாத சொற்கள். சில நாட்களில் கட்டுரையையே திரும்பப் பெற்றார்கள். ஆசிரியர்கள், மதிப்பீட்டாளர்கள், பதிப்பாளர் என்று எல்லாரையும் தாண்டி அந்தப் படம் வெளியே வந்திருக்கிறது. வழியில் எங்கேயும் "இந்த உறுப்பு இங்கே இருக்காதே" என்று சொல்லும் வேலையைச் சம்பளத்துக்குச் செய்யும் ஒருவர் இருந்திருக்கவில்லை.

மனிதர்களும் தப்பு செய்கிறார்கள்தான். டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருளை 1953இல் முதன்முதலாக வரைந்து கொடுத்தவர் ஓவியர் ஒடீல் கிரிக், பிரான்சிஸ் கிரிக்கின் மனைவி. அந்தச் சுருள் வலப்புறத் திருகு, சாதாரண போல்ட்டின் மரை போல. இன்று விளம்பரத்திலும் புத்தக அட்டையிலும் இடப்புறத் திருகாக வரைந்த டி.என்.ஏ. எத்தனையோ பார்க்கலாம், அழகுக்காகக் கண்ணாடி பிம்பமாகத் திருப்பிவிட்டிருப்பார்கள். திருப்பினால் வேறு பொருளாகிவிடும் என்று தெரிந்தவர் அந்தக் குழுவில் ஒருவராவது இருக்க வேண்டும்.

உள்ளே வருவது எப்படி

தொழில்நுட்பப் பக்கத்துக்கு டிராஃப்ட்ஸ்மேன் படிப்போ மெக்கானிக்கல் டிப்ளமோவோ நல்ல வாசல். அறிவியல் பக்கத்துக்கு ஓவியக் கல்லூரியிலிருந்தும் வரலாம், தாவரவியலோ விலங்கியலோ படித்துவிட்டும் வரலாம். சென்னைக் கவின்கலைக் கல்லூரியை 1850இல் தொடங்கிய அலெக்சாண்டர் ஹண்டர் ஓர் அறுவை மருத்துவர் என்பதைப் பார்த்தால், இந்த இரண்டு உலகமும் அவ்வளவு தூரமில்லை. திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியின் ராபினட் ஹெர்பேரியம் தமிழகத்தின் கர்நாட்டிக் சமவெளித் தாவரங்களுக்கென்று (இது கர்நாடக மாநிலம் இல்லை) கோட்டுப் படங்களின் தனித் தொகுதியே 1982இல் வெளியிட்டது. கற்க நினைப்பவர்கள் நூலகத்தில் அதைத் தேடிப் பிடித்து, ஒரு பிளேட்டையாவது பார்த்து வரைந்து பழகலாம்.

வேலைக்குப் போகும்போது போர்ட்ஃபோலியோவில் இருபது படம் வைப்பதைவிட ஆறு படம் வைப்பது மேல். ஆனால் ஒவ்வொன்றோடும் அது எதிலிருந்து வந்தது என்பதையும் வைக்க வேண்டும். பம்ப் படமென்றால் அதன் பாகப் பட்டியலும், நீங்கள் கழற்றியபோது எடுத்த புகைப்படங்களும். பூவென்றால் எங்கே, எந்தத் தேதியில் பறித்தது என்ற குறிப்பும், பிரித்தபோது போட்ட பென்சில் ஸ்கெட்சும், அளவுக்கோடும். இரண்டு மாதிரிகளிலிருந்து சேர்த்து வரைந்திருந்தால் அதையும் எழுதிவிடுங்கள். ஒரு படத்துக்காவது, எதையெல்லாம் வேண்டுமென்றே விட்டீர்கள், எதற்காக விட்டீர்கள் என்று இரண்டு வரி சேருங்கள். நேர்காணலில் நீங்களும் ஒரு கேள்வி கேட்கலாம், கேட்க வேண்டும்: "என் படத்தை யார் சரிபார்ப்பார், அதில் தவறு வந்தால் யார் பொறுப்பு?" பதவிப் பெயர் என்னவாக இருந்தாலும், உங்களை எந்தப் படியில் எடுக்கிறார்கள் என்பது அந்தப் பதிலில் தெரிந்துவிடும்.